369, 6.9, 625: கல்லூரி வாசலின் எல்லைக்கோடும் மாரிகுப்பமும்

450-க்கு 369. 1950 மார்ச்சில் நடந்த இண்டர்மீடியட் தேர்வில், பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கில் கொள்ளப்பட்ட விருப்பப் பாடங்களில் சி. ஆர். சீனிவாசன் என்ற மாணவர் பெற்ற மதிப்பெண் இது, நூற்றுக்கு 82. கிண்டி பொறியியல் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு 14 இடங்களையும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பகிர்ந்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து அவர் வழக்குத் தொடுத்தார். மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பிய செண்பகம் துரைராஜனும் தனியே மனுச் செய்தார். மதிப்பெண் தகுதியை மட்டும் பார்த்திருந்தால் இருவருக்கும் இடம் மறுக்கப்பட்டிருக்காது என்பதை அரசுத் தரப்பு வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார். (செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே அனுப்பியிருக்கவில்லை என்பது இவ்வழக்கைப் பற்றிப் பேசுவோர் பலர் மறந்துவிடும் செய்தி.) 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாது என்றது. அதே ஆண்டு ஜூனில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 15(4) என்ற உட்பிரிவு பிறந்தது.

இந்த வரலாறு பெரும்பாலும் இடஒதுக்கீட்டின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அதைக் கல்லூரி மதிப்பெண்ணின் வரலாறாகவும் வாசிக்க முடியும். அப்படி வாசிக்கும்போது முதலில் புலப்படுவது ஆவணத்தின் இயல்பு. நீதிமன்றத்துக்குப் போனவர்கள் எல்லைக்கோட்டின் மிக அருகில் நின்றவர்கள். சில மதிப்பெண்ணால் இடம் தவறியவருக்கே அந்தக் கோடு கண்ணில் படும், வழக்காடவும் தோன்றும். கோட்டிலிருந்து நூறு மதிப்பெண் தள்ளி நின்றவரும், தேர்வு அறைக்கே வராதவரும் எந்தத் தீர்ப்பிலும் மனுதாரராக வருவதில்லை. சட்ட அறிக்கைத் தொகுதிகள் நமக்கு விட்டுச் சென்றிருப்பது விளிம்பில் நின்றவர்களின் ஆவணம்தான். மதிப்பெண் சற்றுக் குறைந்தால் எவ்வளவு பாதிப்பு என்ற கேள்விக்கு அந்தத் தொகுதிகளை மட்டும் வைத்து விடை தேடினால், விடையும் விளிம்பில் நின்றவரின் விடையாகவே அமையும்.

மாரிகுப்பம் அந்த விளிம்பிலிருந்து வெகு தொலைவில் இருந்தது. கோலார் தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகளுள் ஒன்றான இவ்வூர், பௌரிங்பேட்டையிலிருந்து பிரியும் கிளை இருப்புப்பாதை முடியும் இடம். இன்று பங்காருப்பேட்டை என வழங்கும் அச்சந்திப்பிலிருந்து 1894இல் இப்பாதை திறக்கப்பட்டது. ஜான் டெய்லர் நிறுவனத்தின் சுரங்கங்களில் நிலத்தடியில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த, தமிழ் பேசும் ஆதிதிராவிடர்கள். மொழியால் அவர்கள் சென்னை மாகாணத்தோடு உறவு கொண்டவர்கள். ஆட்சியால் மைசூர் சமஸ்தானத்துக்கு உட்பட்டவர்கள். ஆகவே அவர்களுடைய பிள்ளைகளுக்கான கோட்டைச் சென்னையின் அரசாணை வரையவில்லை. அது மைசூரில் வரையப்பட்டது.

மைசூரில் இந்த விவாதம் சென்னைக்கும் முந்தையது. 1917இல், திவான் விசுவேசுவரய்யாவின் காலத்தில், பெங்களூரில் அரசுப் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. மறு ஆண்டே, பிராமணரல்லாதாரின் கோரிக்கையை ஏற்று, தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஒரு குழுவை அமைத்தார். ஏழாண்டுக்குள் உயர் பதவிகளில் பாதிக்கும், கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரு பங்குக்கும் குறையாமல் பின்தங்கிய வகுப்பாருக்குக் கிடைக்க வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரை. தகுதியே அளவாக இருக்க வேண்டும் என்ற விசுவேசுவரய்யா இந்தப் போக்கை ஏற்காமல் 1918இல் பதவி விலகினார். தகுதி என்ற சொல்லும் பிரதிநிதித்துவம் என்ற சொல்லும் எதிரெதிரே நிறுத்தப்பட்டதற்கு மைசூரின் இந்த ஓராண்டைப் போல் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. கல்லூரியைக் கட்டிய கைகளே அதன் வாசலைப் பற்றிய வாதத்திலிருந்து விலகிக்கொண்டன.

அதே காலத்தில் மாரிகுப்பத்தில் நிகழ்ந்தது வேறு வகையான கல்வி முயற்சி. அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இங்கே ஒரு கிளை இயங்கியது. பண்டிதர் 1914இல் மறைந்தார். அவர் 1907இல் தொடங்கிய இதழின் மரபை, 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து ‘தமிழன்’ என்ற பெயரில் தொடர்ந்தார். இதழ் படித்து, நூல் அச்சிட்டு, கூட்டம் போட்டு விவாதித்த ஒரு தொழிலாளர் சமூகம் அது. அங்கே அறிவு இல்லாதிருக்கவில்லை. அந்த அறிவை மதிப்பெண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடுதான் இல்லாதிருந்தது. தேர்வு என்பது ஏற்கெனவே பள்ளிக்குள் பத்தாண்டு தங்கியவரைத்தான் அளக்கும்.

இந்தத் தங்குதலையே எண்ணிப் பார்க்க முயன்றது 1961இல் அறிக்கை தந்த நாகன கௌடா குழு. உயர்நிலைப் பள்ளியின் கடைசி மூன்று வகுப்புகளில் ஒவ்வொரு சாதியிலும் ஆயிரம் பேருக்கு எத்தனை மாணவர் இருக்கிறார்கள் என்று அக்குழு கணக்கிட்டது. மாநிலச் சராசரி 6.9. அதற்குக் கீழிருந்தால் பின்தங்கியோர். அந்தச் சராசரியில் பாதிக்கும் கீழிருந்தால் மிகப் பின்தங்கியோர். லிங்காயத்துகளின் எண் 7.1. எனினும் அரசாணை அவர்களையும் பின்தங்கியோர் பட்டியலில் சேர்த்தது. 1962 ஜூலை 31 ஆணைப்படி பின்தங்கியோருக்கு 28, மிகப் பின்தங்கியோருக்கு 22, பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 3 என மொத்தம் 68 விழுக்காட்டு இடங்கள் ஒதுக்கப்பட்டன. பொதுப் போட்டிக்கு எஞ்சியது 32.

எம். ஆர். பாலாஜி உள்ளிட்டோரின் 23 மனுக்கள் மீது அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஒதுக்கீடு பொதுவாகப் பாதிக்குள் நிற்க வேண்டும் என்ற, இன்றுவரை நாட்டை ஆளும் வரம்பு இத்தீர்ப்பில் தோன்றியது என்பதை எல்லா மாணவரும் அறிவர். குறைவாகக் கவனிக்கப்படும் பகுதி இன்னொன்று. சராசரிக்குச் சற்றே கீழிருப்பதால் மட்டும் ஒரு சமூகத்தைப் பின்தங்கியது எனக் கொள்ள முடியாது, சராசரிக்கு வெகுவாகக் கீழிருக்க வேண்டும் என நீதிமன்றம் கூறியது. ஆயிரத்தில் 0.2 என்ற வேறுபாட்டைக் கொண்டு ஒரு சமூகத்தை இப்பக்கமோ அப்பக்கமோ தள்ளுவது பொருந்தாது என்பதே இதன் உட்பொருள். தனி மாணவர் விஷயத்திலோ 0.2 மதிப்பெண்ணுக்கு அந்தத் தயக்கத்தை எந்த நீதிமன்றமும் காட்டியதில்லை. சமூகங்களை அளக்கும்போது சிறு வேறுபாடு பொருளற்றது. மாணவரை அளக்கும்போது அதுவே தகுதி. இந்த முரண் தீர்ப்பிலேயே இருக்கிறது.

பட்டியல் சாதிக்கான 15 விழுக்காட்டை மனுதாரர்கள் எதிர்க்கவில்லை. ஆதிதிராவிடர் என்ற பெயர் மைசூரின் பட்டியலில் இருந்ததால் மாரிகுப்பத்தின் பெரும்பான்மைக்கு அந்த வாசல் சட்டப்படி திறந்தே இருந்தது. ஆனால் ஒதுக்கப்பட்ட இடத்துக்கும் குறைந்தபட்ச மதிப்பெண் என்ற தாழ்ப்பாள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 1980இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கான மருத்துவ இடங்கள் நிரம்பாததால் அரசு அந்தக் குறைந்தபட்ச வரம்பையே தளர்த்தியது. நிவேதிதா ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இடம் காலியாகக் கிடந்ததற்குக் காரணம் தகுதியுடைய பிள்ளைகள் இல்லாமையா, தாழ்ப்பாளின் உயரமா என்ற கேள்வி மைசூருக்கும் பொருந்தும்.

பாலாஜி தீர்ப்புக்குப் பின் மைசூர் அரசு சாதியைக் கைவிட்டுத் தொழிலையும் வருமானத்தையும் அளவாகக் கொண்டது. 1963 ஜூலை ஆணைப்படி, ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்கு மிகாத, உழவு, சிறுவணிகம், கடைநிலைப் பணி, கைத்தொழில், உடலுழைப்புத் தொழில் ஆகியவற்றைச் சார்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 30 விழுக்காடு. எழுத்தின்படி பார்த்தால் இது சுரங்கத் தொழிலாளிக்காகவே எழுதப்பட்டது போன்ற விதி. மாதம் நூறு ரூபாய் என்ற கோட்டுக்கு ஒரு ரூபாய் மேலே போனால் அந்த வாசலும் அடைபடும் என்பது வேறு கதை. மதிப்பெண்ணுக்கு இருக்கும் விளிம்பு சம்பளத்துக்கும் உண்டு.

ஆனால் அதே மாதம் இன்னொரு விதியும் வந்தது. விருப்பப் பாடங்களின் மொத்த மதிப்பெண்ணில் 25 விழுக்காட்டுக்குச் சமமான மதிப்பெண் நேர்காணலுக்கு ஒதுக்கப்பட்டது. பொது அறிவு, ஆளுமை, முந்தைய கல்விச் சிறப்புகள், தேசிய மாணவர் படை, விளையாட்டு, சமூகப் பணி, சொற்போர், நாடகம் ஆகியவை அங்கே அளக்கப்படும். லைன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்கு உடலுழைப்புக் குடும்பம் என்ற விதி தந்ததை, ஆளுமை என்ற விதி சில நிமிடங்களில் திருப்பி எடுத்துக்கொள்ள முடியும். மதிப்பெண் மட்டும் அளவாக இருந்திருந்தால் தமக்கு இடம் கிடைத்திருக்கும் என்று வாதிட்ட சித்ரலேகாவின் வழக்கில், 1964 ஜனவரியில் பெரும்பான்மைத் தீர்ப்பு நேர்காணலை ஏற்றது. தமிழ்நாட்டின் பெரியகருப்பன் வழக்கில் 1970இல் மருத்துவ நேர்காணலுக்கு 275இல் 75 என்பது மிகை என்று நீதிமன்றத்துக்குத் தோன்றியது. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் 1980இல்தான் மூன்றில் ஒரு பங்கு நேர்காணல் தன்னிச்சையானது, 15 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்ற முடிவு வந்தது. அங்கே ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடமே நேர்காணல் நடந்தது. எழுத்துத் தேர்வில் முன்னணியில் இருந்தவர்கள் அந்த இரண்டு நிமிடத்தில் பின்னுக்குப் போனார்கள்.

நேர்காணலைக் குறை சொல்வது எளிது. எழுத்துத் தேர்வு மதிப்பெண் எவ்வளவு உறுதியானது என்று கேட்பவர் குறைவு. டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும், 1929இல் இந்தியக் கல்வி நிலை குறித்து அறிக்கை தந்த குழுவின் தலைவராகவும் இருந்த பிலிப் ஹார்ட்டாக், இங்கிலாந்து திரும்பியபின் இதை ஆராய்ந்தார். இ. சி. ரோட்சுடன் சேர்ந்து 1935இல் அவர் வெளியிட்ட ஆய்வு அதிர்ச்சி தரக்கூடியது. ஒரே நடுத்தர மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களைத் தேர்வாளர்களிடம் கொடுத்து, ஓராண்டுக்கும் மேல் கழித்து அதே தாள்களை அவர்களுள் 14 பேரிடமே மீண்டும் திருத்தக் கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றுள் 92இல் அதே தேர்வாளர், அதே தாளுக்கு, தோல்வி, தேர்ச்சி, சிறப்புத் தேர்ச்சி என்ற நிலையையே மாற்றியிருந்தார். மூன்றே படிகள் கொண்ட அளவிலேயே இவ்வளவு தடுமாற்றம் என்றால், 450 படிகள் கொண்ட அளவில் ஒரு படியின் பொருள் என்ன?

இது பழங்கதை என்று தள்ள முடியாது. மனிதக் கை படாத இயந்திரத் திருத்தமும் விலக்கன்று. 2024 நீட் தேர்வில் 67 பேர் 720-க்கு 720 பெற்றதாக முதலில் அறிவிக்கப்பட்டது. கருணை மதிப்பெண் நீக்கப்பட்டதும் அது 61 ஆனது. இயற்பியலில் அணு பற்றிய ஒரு வினாவுக்கு இரண்டு விடைகள் சரியென ஏற்கப்பட்டிருந்தன; உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி. வல்லுநரிடம் கேட்டு, ஒரு விடையே சரி என்றது. ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் ஒரே நாளில் ஐந்தைந்து மதிப்பெண் இழந்தார்கள். முழு மதிப்பெண் பெற்றோர் 17 பேராகச் சுருங்கினர். மற்ற 44 பேரின் அறிவில் அந்த வாரம் எந்த மாற்றமும் நிகழவில்லை.

தங்கவயல் தமிழரைப் பொறுத்தவரை அளவுகோலின் மிகக் கூர்மையான முனை மொழி. 1970களின் இறுதியில் கர்நாடக உயர்நிலைப் பள்ளிகளில் முதல் மொழியாகச் சமஸ்கிருதத்தை எடுக்கும் வழக்கம் கன்னட அறிஞர்களின் எதிர்ப்புக்கு ஆளானது. பலர் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சமஸ்கிருதப் பற்று என்பதைவிட, அதில் மதிப்பெண் எளிதாக வரும் என்ற பெயர்தான். ஒரு மாநிலத்தையே உலுக்கிய மொழிப் போராட்டத்தின் ஊற்றுக்கண் பத்துப் பதினைந்து மதிப்பெண்ணுக்கான ஆசையில் இருந்தது என்பதை வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1980இல் வி. கே. கோகாக் தலைமையில் குழு அமைந்தது. 1981 ஜனவரியில் வந்த அதன் அறிக்கை, உயர்நிலைப் பள்ளியில் 150 மதிப்பெண் கொண்ட ஒரே முதல் மொழியாகக் கன்னடமே இருக்க வேண்டும் என்றது. நடிகர் ராஜ்குமார் தலைமையேற்ற 1982 இயக்கம் அதை அரசின் கையில் திணித்தது.

கன்னடத்துக்கு அதன் சொந்த மண்ணில் முதலிடம் கேட்பது நியாயமான கோரிக்கை. ஆனால் மதிப்பெண் கணக்கில் அதன் விளைவு மாரிகுப்பத்தில் வேறாக இருந்திருக்கும். வீட்டிலும் தெருவிலும் தமிழ் பேசும் பிள்ளைக்கு மிகுந்த எடை கொண்ட தாள் தன் மொழியல்லாத மொழியில் அமையும். மொழியியல் நோக்கில், தாய்மொழித் தாளும் இரண்டாம் மொழித் தாளும் ஒரே திறனை அளப்பவை அல்ல. ஒன்று எழுத்துநடையை அளக்கிறது, மற்றது மொழி கற்ற அளவையே அளக்கிறது. இரண்டையும் கூட்டி ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தினால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். மொழிச் சிறுபான்மையினர் தொடுத்த வழக்கில் 1989 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் அந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்தது. அதன்பின் வந்த திருத்திய ஆணையை 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தமிழ் உட்பட பல மொழிகளில் ஒன்றை முதல் மொழியாகக் கொள்ளலாம். அதற்கு 125 மதிப்பெண், ஏனைய ஐந்து பாடங்களுக்கு நூறு நூறு. கர்நாடகத்தின் எஸ்.எஸ்.எல்.சி. மொத்தம் 625 என்ற விந்தையான எண்ணாக இருப்பது முதல் மொழிக்கான இந்தக் கூடுதல் எடையால்தான்.

மொழிவழி மதிப்பெண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இலங்கை கண்முன் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிவழி மாணவருக்கு 227, தமிழ் மொழிவழி மாணவருக்கு 250. மருத்துவத்துக்கு 229, 250. 400-க்கு இருபத்து சொச்சம் மதிப்பெண் வேறுபாடு. தரப்படுத்தல் என்ற சொல் அதன்பின் ஈழத் தமிழ் அரசியலில் பெற்ற கனத்தைச் சொல்லத் தேவையில்லை. கர்நாடகத்தில் அப்படி இரட்டைக் கோடு எப்போதும் வரையப்படவில்லை. மேலும், மொழித்தாளின் மதிப்பெண் பி.யு.சி. சேர்க்கை என்ற முதல் வாசலில்தான் எண்ணப்பட்டது. மருத்துவம், பொறியியல் என்ற அடுத்த வாசலில் அறிவியல் விருப்பப் பாடங்களே எண்ணப்பட்டன. ஆனால் அங்கே அறிவியல் ஆங்கிலத்தில் இருந்தது. பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர் இரண்டே ஆண்டில் அந்த மாற்றத்தைச் செரித்து, ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து வந்தவரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ‘சற்றுக் குறைந்த மதிப்பெண்’ என்று அப்போது பதிவாவது பெரும்பாலும் இந்த இரண்டாண்டின் செலவு.

மதிப்பெண் குறைவுக்கு ரூபாயில் விலை என்ன என்பதையும் கர்நாடகமே எழுத்தில் வைத்தது. தலைவரி எனப்பட்ட நன்கொடைக் கட்டணத்தைத் தடை செய்த 1984 சட்டத்தின் கீழ் 1989 ஜூன் 5 அன்று வந்த அறிவிக்கை, தனியார் மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணத்தை மூன்றாக வகுத்தது: தகுதிப் பட்டியலில் அரசு இடம் பெற்றவருக்கு 2,000 ரூபாய், அந்தப் பட்டியலுக்கு வெளியே கர்நாடக மாணவருக்கு 25,000, வெளிமாநிலத்தவருக்கு 60,000. மீரட்டைச் சேர்ந்த மோகினி ஜெயின் தொடுத்த வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைத் தகர்த்தது. மறு ஆண்டு உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு வேறு வடிவில் கட்டண இடங்களை அனுமதித்தது. அறிவிக்கையின் மூன்று எண்களும் சொல்வது வெளிப்படை. அரசு இடத்தின் கடைசி மதிப்பெண்ணுக்கு ஒன்று குறைந்தால் ஆண்டுக்கு 23,000 ரூபாய். கையில் பணம் உள்ள வீட்டில் அந்த ஒரு மதிப்பெண் ஒரு செலவு. லைன் வீட்டில் அது முடிவு.

அதன்பின் கோடு கீழே இறங்கத் தொடங்கியது. பொறியியல் கல்லூரிகள் பெருகின. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இடங்கள் காலியாகக் கிடக்கும் நிலை வந்தது. 2023 செப்டம்பரில் முதுநிலை மருத்துவத்துக்கான நீட் தகுதி வரம்பு எல்லாப் பிரிவினருக்கும் பூச்சிய விழுக்காட்டுநிலையாகக் குறைக்கப்பட்டது. தேர்வு எழுதிய எவரும் கலந்தாய்வுக்கு வரலாம் என்பது அதன் பொருள். சீனிவாசனின் 82 விழுக்காடு போதாமல் போனதும், பூச்சியம் போதுமானதும் மாணவரின் தரத்தைப் பற்றிய செய்திகள் அல்ல. முதலாவது, இருந்த இடங்களை எப்படிப் பகிர்ந்தார்கள் என்பது பற்றியது. இரண்டாவது, நிரம்பாமல் கிடந்த இடங்களைப் பற்றியது.

1963இல் மாரிகுப்பத்துப் பிள்ளைக்குக் கோடு உயரத்தில் இருந்தது. கோட்டைத் தாண்டியவருக்குப் படிப்பு மலிவாக இருந்தது. கோடு தாழ்ந்து, சுமாரான மதிப்பெண்ணுக்கும் இடம் உண்டு என்ற காலம் வந்தபோது அந்த இடத்துக்குக் கட்டணம் கேட்கப்பட்டது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அடுத்த நாள் முதல் தங்கவயலில் சம்பளம் இல்லை. வேலை தேடிய பெற்றோரும் பி.யு.சி. முடித்த பிள்ளைகளும் மாரிகுப்பத்தில் ஒரே பெங்களூர் ரயிலில் ஏறினார்கள்.